துண்டுக்கு அடியில் வைத்தியம்

1

போன வெள்ளிக்கிழமை நான் இரண்டாம் தடவையாக டாக்டர் ஆனேன். முதல் தடவை ஆனபோது என் தலையில் முடி இருந்தது. மேல்விஷாரத்தில் பிரியாணி தேக்சா இறங்கியது. வீட்டில் சாவு விழுந்தாலொழிய தோல் மண்டியை மூடாத என் அத்தா, அன்றைக்கு அரை நாள் மூடினார். இந்தத் தடவை என் மனைவி ஜைனப் டீ போட்டுக் கொடுத்தாள். அதிலும் சர்க்கரை கம்மி.

ஊரில் இதைப் படிக்கிறவர்கள், "அப்போ இத்தினி நாளா நம்ம வயித்தை அறுத்தவன் டாக்டரே இல்லியா?" என்று பதற வேண்டாம். மதராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் ஹவுஸ் சர்ஜனாக, அங்கேயே தங்கி, திட்டு வாங்கித் தொழில் பழகியது அசல்தான். வேலூரிலும் ஆம்பூரிலும் நான் எடுத்த கற்கள், தைத்த குடல்கள், தோல் பதனிடுகிற ஷாப்புச் சுண்ணாம்புத் தொட்டியில் வெந்து வந்த கால்களுக்குப் பார்த்த வைத்தியம், எல்லாமே அசல். பிழைத்தவர்கள் சாட்சி. பிழைக்காதவர்கள் புகார் சொன்னதில்லை.

லண்டனுக்கு வந்தது சர்ஜன் மேல்பரீட்சைக்கு. தேறவும் செய்தேன். தேறின பிறகுதான் தெரிந்தது: கத்தி இருக்கிறது, கை இருக்கிறது, அறுத்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை. எந்த ஆஸ்பத்திரிக்கு எழுதிப்போட்டாலும் ஒரே பதில். "தங்கள் திறமையில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. நோயாளிகள்தான் சங்கடப்படுவார்கள்." எழுதுகிறவனுக்குச் சங்கடமே இல்லையாம். நல்ல தாளில், நல்ல கையெழுத்தில், ரொம்ப மரியாதையாக என்னைத் துரத்தினார்கள்.

ஊருக்குத் திரும்பியிருக்கலாமே என்பீர்கள். காட்பாடி ஸ்டேஷனில் எனக்கு மாலை போட்டு அனுப்பினீர்களே, ஞாபகம் இருக்கிறதா? என் மூக்கு மட்டும்தான் வெளியே தெரிந்தது. நம் ஜில்லா ஆஸ்பத்திரியில் பெரிய நாற்காலி இன்னும் துரைமாருக்கு மட்டும்தான். பழைய முக்காலியிலேயே வந்து உட்கார்ந்து, "போனேன், பார்த்தேன், வந்துட்டேன்" என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. கப்பல் ஏற வேண்டிய பயத்தைவிட, மண்டித் தெருவில் இறங்க வேண்டிய பயம் ஜாஸ்தி.

கடைசியில் லண்டனுக்கு வெளியே ஒரு மனநோய் ஆஸ்பத்திரி என்னை எடுத்துக்கொண்டது. அங்கே ரெசிடென்ட் டாக்டராகத் தங்கி, மனநோய் வைத்தியத்தை அடியிலிருந்து படிக்க வேண்டும். முடிவில் பெரிய டாக்டர் கையெழுத்துப் போட்டால் நிரந்தர உத்தியோகம். போடாவிட்டால் கப்பல். பெரிய டாக்டர் நல்ல மனுஷர், வெள்ளை மீசை, ஒளிவு மறைவு கிடையாது. முதல் நாளே சொன்னார்:

"உங்களுக்கு இங்கே தொந்தரவு இருக்காது. இங்கே இருக்கிறவர்கள் என்ன சொன்னாலும் யாரும் பொருட்படுத்துவதில்லை."

நான் நன்றி சொன்னேன். எதற்கு என்று இன்றுவரை தெரியவில்லை.

2

நம் ஊர்த் தோல் இங்கே எப்படி வருகிறது என்று நம் ஷாப்புக்காரர்களுக்குத் தெரியும். அது வந்து சேர்ந்த பிறகு என்ன ஆகிறது என்று பார்த்தவர்கள் கம்மி. நான் பார்த்தேன். ஆவாரம் பட்டையில் ஊறி, வெயிலில் காய்ந்து, நம் ஆட்கள் முதுகு ஒடிந்து பதம் போட்ட தோலைத் தேம்ஸ் ஆற்றுக்குத் தெற்கே ஒரு தொட்டியில் போடுகிறார்கள். முதல் வேலை, நம் பதத்தை உரித்து எடுப்பது. அப்புறம் அவர்கள் பதம். அப்புறம் அவர்கள் முத்திரை. பார்த்துவிட்டு வந்த அன்று நான் சாப்பிடவில்லை. ஆட்டுக்காக அல்ல.

ரெசிடென்ட் என்றால் ஆஸ்பத்திரியிலேயே தூங்க வேண்டும். என்னோடு இருந்த மற்ற ரெசிடென்ட்கள் மீசை முளைத்துக்கொண்டிருக்கிற பையன்கள். காலையில் முகம் கழுவும் இடத்தில் வரிசை. நாற்பத்தைந்து வயதில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த வரிசையில் நிற்கிறவனுக்கு மனநோய் வைத்தியம் தனியாகப் படிக்க வேண்டாம். ஜைனபும் மகளும் டவுனில் இரண்டு அறை எடுத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுப்பு.

அறுவை வைத்தியத்தில் ஒரு சுகம் உண்டு: நோயாளி மயக்கத்தில் இருப்பார், பேச மாட்டார். இங்கே பேச்சுதான் வைத்தியம். அவர்கள் பேசுகிற இங்கிலீஷ் நான் படித்த இங்கிலீஷ் இல்லை. பாதி எழுத்தை விழுங்கிவிடுவார்கள். எனக்குப் புரியாதபோது, நம் வழக்கப்படி தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி வைப்பேன். ஒரு பையன் டாக்டர் என்னைப் பின்னாலிருந்து பார்த்துவிட்டு, "இந்த நோயாளிக்குத் தலை நடுக்கம் எப்போதிருந்து?" என்று நர்ஸிடம் விசாரித்தான். வெள்ளைக் கோட்டு போட்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மகள் பெயர் ஹாஜிரா. பள்ளிக்கூடத்தில் ஹேசல். அப்பா என்ன வேலை என்று கேட்டால் சர்ஜன் என்கிறாளாம். இதை அவளுடைய டீச்சர் என்னிடம் பெருமையாகச் சொன்னாள். வீட்டுக்கு வந்து, "ஏன்மா அப்படிச் சொல்றே?" என்றேன்.

"நீங்க சர்ஜன்தானே, டாடி?"

"இப்போ இல்லியே."

"அப்போ நான் பொய் சொல்லல, நீங்கதான் மாறிட்டீங்க," என்றாள், இங்கிலீஷில். தமிழில் கேட்டதற்கு அவள் தமிழில் பதில் சொல்லி நாளாகிவிட்டது.

3

படிப்பு முடிய வேண்டுமானால் ஒரு சம்பிரதாயம். ஒவ்வொரு ரெசிடென்டிடமும் ஒரு நோயாளியை ஒப்படைப்பார்கள். அவரிடம் ஏதாவது முன்னேற்றம் காட்ட வேண்டும். பையன்களுக்கு இள வயது நோயாளிகள், அழுகிறவர்கள், சிரிக்கிறவர்கள், கொஞ்சம் தட்டினால் தேறிவிடக்கூடியவர்கள். எனக்குக் கிடைத்தவர் பெர்ட்.

பெர்ட் அறுபதை நெருங்குகிறவர். தேம்ஸ் தென்கரையில், நான் பார்த்தேனே அந்த மாதிரித் தோல் கம்பெனி ஒன்றில், வந்திறங்குகிற தோல்களைத் தரம் பிரிக்கிற வேலை. கம்பெனி ஆள் குறைத்தது. அதே வாரம் மனைவி இறந்தாள். அன்றைக்கு மூடிய வாய். இரண்டு வருஷமாக ஒரு சொல் இல்லை. ஊட்டினால் சாப்பிடுவார். ஜன்னலோரம் உட்கார்த்தினால் உட்கார்ந்திருப்பார். எனக்கு முன்னால் அவரிடம் மோதிப் பார்த்துக் கைவிட்டவர்கள் மூன்று பேர்.

"உங்களுக்குப் பொருத்தமான கேஸ்," என்றார் பெரிய டாக்டர். "பாஷைத் தொந்தரவு இருக்காது."

நானும் முறைப்படிதான் தொடங்கினேன். தினமும் எதிரில் உட்கார்ந்து, குழந்தைப் பருவத்தைப் பற்றிக் கேட்டேன், கனவைப் பற்றிக் கேட்டேன், தாயாரைப் பற்றிக் கேட்டேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு கேள்விக்கு நானே பதில் சொல்லத் தொடங்கினேன். என் தாயாரைப் பற்றி ஓர் ஆங்கிலேயரிடம் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. அவர் குணமாகவில்லை, எனக்குக் கொஞ்சம் இதமாக இருந்தது.

கையெழுத்துக்கு உரிய நாள் நெருங்கியது. எனக்கு வயிறு வலிக்க ஆரம்பித்தது. நான் வயிற்று டாக்டராக இருந்தவன் என்பதால் எனக்குக் குடல்வால் வீக்கம் என்று முடிவு கட்டி, படுத்துக்கொண்டு அமுக்கிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. பயம்தான். பயத்துக்குக் கத்தி வைக்க முடியாது.

4

அப்போது அண்ணனிடமிருந்து பார்சல் வந்தது. ஊறுகாய் ஜாடி. கசியாமல் இருக்க அதை ஓர் ஆட்டுத் தோலில் சுற்றி அனுப்பியிருந்தார். என் அண்ணன் அத்தாவுக்குப் பிறகு மண்டியைப் பார்க்கிறவர், கணக்கான மனுஷர். விற்கிற தோலை வீணாக்க மாட்டார். ஒதுக்கித் தள்ளின தோலாகத்தான் இருக்கும். இருந்தாலும் பிரித்ததும் வந்த வாசனையில் ஜைனப் தோலை முகத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். ஊறுகாயைப் பார்க்கவே இல்லை.

எனக்கு அந்தத் தோலைக் கண்டதும் மண்டி ஞாபகம் வந்தது. நம் மண்டியில் பேரம் நடக்கிறபோது யாராவது வாய் திறப்பார்களா? விற்கிறவரும் வாங்குகிறவரும் கை கோத்து, மேலே துண்டைப் போட்டு மூடிக்கொள்வார்கள். ஒரு விரலைப் பிடித்தால் ஒரு விலை, மூன்றைச் சேர்த்துப் பிடித்தால் ஒரு விலை, முழுக்கையும் அமுக்கினால் ஒரு விலை. சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. வாய் திறக்காமல் சண்டை போட்டு, வாய் திறக்காமல் சமாதானமாகி, வாய் திறக்காமல் லோடு ஏற்றி அனுப்பிவிடுவார்கள். என் அத்தா சில நாள் மண்டியில் பேசிய மொத்தப் பேச்சே "டீ" என்பதுதான்.

வாய் திறக்காத தோல்காரர் ஒருவர் எனக்கும் இருக்கிறாரே!

மறுநாள் தோலை எடுத்துப் போய் பெர்ட் மடியில் விரித்தேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு அவர் கட்டைவிரல் நகர்ந்தது. தோலைப் புரட்டி, மடித்து, முதுகுப் பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்து, மூக்கருகே கொண்டுபோனார். நான் அவர் கையைப் பிடித்து, துண்டைப் போட்டு மூடி, அவருடைய முழுக்கையையும் அமுக்கினேன். முதல் தரத்து விலை.

பெர்ட் என்னைப் பார்த்தார். இரண்டு வருஷத்தில் அவர் ஒரு மனுஷனைப் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். துண்டுக்கு அடியில் என் சுண்டுவிரலைத் தேடிப் பிடித்து, அதன் நுனியை மட்டும் கிள்ளினார்.

யாரும் அவருக்கு அந்தப் பாஷையைச் சொல்லித்தரவில்லை. வேண்டியிருக்கவும் இல்லை. அந்தக் கிள்ளலில் இருந்த அவமரியாதை மேல்விஷாரத்தில் எல்லாருக்கும் புரியும்.

அன்றிலிருந்து தினமும் பேரம். நான் இறங்கி வருவேன், அவர் ஏற மாட்டார். மற்ற நேரங்களில் ஜன்னலைப் பார்க்கிறவர், நான் வருகிற நேரத்துக்குக் கதவைப் பார்க்க ஆரம்பித்தார். ஒரு நாள் நான் கோபித்துக்கொண்டு துண்டை உதறி எழுந்து போகிற மாதிரி நடித்தேன். இரண்டடி வைத்துத் திரும்பிப் பார்த்தால், அவர் உதட்டோரம் லேசாக வளைந்திருந்தது. நானும் சிரித்துவிட்டேன்.

அதை வார்டு காவலர் டாப்ஸ் பார்த்துவிட்டார்.

5

டாப்ஸ் கொடுத்த புகார் ஒரே வரி: கறுப்பு டாக்டர் தினமும் மூலையில் உட்கார்ந்து, வாய் பேச முடியாத நோயாளியின் கையைத் துணிக்கு அடியில் பிடித்துத் தடவுகிறார்.

திங்கட்கிழமை விசாரணை. ஆஸ்பத்திரிக் கமிட்டியிலிருந்து ஒரு கனவான் வருகிறார். சனிக்கிழமையே எனக்குத் தகவல் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து, மேஜையில் உட்கார்ந்து என் தரப்பை எழுதிப் பார்த்தேன். கை பிடித்தது உண்மை. துணிக்கு அடியில் என்பது உண்மை. தினமும் என்பது உண்மை. இருவரும் சிரித்தது உண்மை. எழுத எழுத எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

ஜைனப் எல்லாவற்றையும் கேட்டாள். முந்தானையால் வாயைப் பொத்தினாள். அழுகிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது சிரிப்பில்.

"இன்னாங்க இது? ஒரு பொம்பளை கூடன்னா கூட நாலு பேருகிட்ட சொல்லிக்கலாம். கிழவன் கையை எதுக்குங்க புடிச்சீங்க?"

"வைத்தியம்டி!"

"நல்ல வைத்தியம். ஊறுகாய்த் தோலை வெச்சி வைத்தியம். உங்க அத்தா இருந்தா மண்டியில பங்கு குடுத்திருப்பாரு."

"ஜைனப், பேஜார் பண்ணாதே. வேலை போய்டும்."

அவள் சிரிப்பு நின்றது. "போவட்டும். போய்ட்டா ஊருக்குப் போலாம். நான் எந்நாளைக்கு வேணாம்னேன்?"

நான் மகளைக் கூப்பிட்டேன். அவளுடைய இங்கிலீஷ்தான் வீட்டிலேயே சுத்தம். "இத பாரும்மா, திங்கட்கிழமை நான் சொல்லப்போறது இது. சரியா இருக்கா?" என்று நான் எழுதினதை எழுந்து நின்று, நெஞ்சில் கை வைத்து வாசித்தேன். எங்கள் நாட்டில் ஆண்கள் துணிக்கு அடியில் கை பிடித்துக்கொள்வது நெடுநாள் வழக்கம் என்று தொடங்கியது.

ஹாஜிராவின் முகம் சிவந்தது. "டாடி, அந்த வாக்கியத்தை மட்டும் சொல்லிடாதீங்க."

"எந்த வாக்கியம்?"

"எந்த வாக்கியத்தையுமே."

"அப்போ இன்னா சொல்றது?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "இது பேப்பர்ல வருமா? எங்க ஸ்கூல்ல பேப்பர் படிப்பாங்க," என்றாள். இதைத் தமிழில் சொன்னாள். பயத்தில் அவளுக்கும் தாய்மொழிதான் வருகிறது.

அதைக் கேட்டுச் சந்தோஷப்படுகிற நிலையில் நான் இல்லை. சர்ஜன் வேலைதான் இல்லை என்றாகிவிட்டது. இப்போது பைத்தியக்கார ஆஸ்பத்திரியும் துரத்தினால், அப்புறம் எந்த உலகத்தில் எனக்கு இடம்? கப்பலிலிருந்து கடலில் குதித்தால் மூழ்குவேனா என்றுகூட யோசித்தேன். எனக்கு நீச்சல் தெரியும் என்ற ஞாபகம் வந்து அதையும் விட்டேன்.

6

பெரிய டாக்டரின் அறை. அவர், கமிட்டிக் கனவான், டாப்ஸ், நான். பெர்ட்டையும் கூட்டிவந்து உட்கார வைத்தார்கள். மேஜைமேல் தடயப் பொருள்களாகத் துண்டும் தோலும். தோலில் லேசாக எலுமிச்சை ஊறுகாய் வாசம்.

"சொல்லுங்கள்," என்றார் கனவான்.

நான் சொன்னேன். மண்டி, பேரம், விரல், தரம். மகள் சொல்லக்கூடாது என்ற வாக்கியமும் பதற்றத்தில் முதல் வாக்கியமாக வெளியே வந்துவிட்டது. கனவான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டாப்ஸ் கூரையைப் பார்த்தார்.

"ஆக, நீங்கள் வைத்தியம் பார்க்கவில்லை. ஒரு நோயாளியிடம் வியாபாரம் பேசியிருக்கிறீர்கள்."

"விற்கவில்லை, ஐயா. அவர் வாங்கவே இல்லை."

யாரும் சிரிக்கவில்லை. பெரிய டாக்டர் பெருமூச்சு விட்டு, ஒரு கடமைக்காக, பதில் வராது என்று தெரிந்தே, பெர்ட் பக்கம் திரும்பிக் கேட்டார்: "இவர் உன்னைத் தொந்தரவு செய்தாரா, பெர்ட்?"

பெர்ட் மேஜைமேல் இருந்த தோலைப் பார்த்தார். தொண்டையில் ஏதோ கரகரத்தது. துருப்பிடித்த கதவு மாதிரி.

"மூணாந்தரம்," என்றார்.

பெர்ட் கையை நீட்டித் தோலைப் புரட்டினார்.

"உரிக்கும்போதே கத்தி பட்ட தோல். பின்பக்கம் மூணு வெட்டு. அதுக்கு முதல் தரத்து விலை கேக்கறான், தினமும் வந்து." இரண்டு வருஷத்துக் கோபம் ஒன்றாகத் திரண்டு வந்தது. "இன்னொண்ணு. இந்தக் கறுப்பன் இனிமே என்னைத் தொடக்கூடாது. எனக்கு வெள்ளைக்கார டாக்டர் வேணும். நான் வரி கட்டினவன்."

பெரிய டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "பேசிவிட்டான்! கேட்டீர்களா? முழு வாக்கியம்! காரணம், காலம், எல்லாம் சரியாக!" கமிட்டிக் கனவான் கை தட்டினார். டாப்ஸ்கூட, "வாழ்த்துகள், சார்" என்றார். என்னை அவர் சார் என்றது அன்றைக்குத்தான். பெரிய டாக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார், துணி எதுவும் போடாமல்.

எல்லாரும் ஒருவருக்கொருவர் அந்த வாக்கியங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லி மகிழ்ந்தார்கள். அதில் இருந்த கறுப்பன் நான் என்பது யாருக்கும் உறைத்ததாகத் தெரியவில்லை. நானும் சிரித்துக்கொண்டே நின்றேன். வேறு என்ன செய்ய? என் நோயாளி குணமாகிவிட்டார்.

வெள்ளிக்கிழமை கையெழுத்து விழுந்தது. படிப்பு முடிந்தது. இனி நான் சட்டப்படி மனநோய் டாக்டர்; யாருக்குப் புத்தி சரி, யாருக்குச் சரியில்லை என்று சொல்ல அரசாங்கமே எனக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. என் அறுவைக் கத்திப் பெட்டியை ஜைனப் துணி சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். "ஊருக்குப் போறப்ப எடுத்துக்கலாம்," என்றாள்.

7

டாக்டர் ஆனபின் என் முதல் வேலை நேற்று வந்தது. பெர்ட்டின் தங்கை அவரை வீட்டுக்கு அழைத்துப் போக வந்திருந்தாள். வெளியே அனுப்ப வேண்டுமானால் இரண்டு டாக்டர்கள் கையெழுத்துப் போட வேண்டும். பெரிய டாக்டர் போட்டுவிட்டார். மற்றது நான்.

பெர்ட் கோட்டுப் போட்டு, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தங்கை என்னைப் பார்த்து, பிறகு தரையைப் பார்த்தாள். கையெழுத்து யார் கையில் இருக்கிறது என்று இருவருக்கும் தெரியும். "இன்னும் ஒரு மாதம் கவனிக்க வேண்டும்" என்று நான் எழுதினால் போதும், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். பேனாவை மையில் தோய்த்துக்கொண்டு அந்த ஒரு மாதத்தை நன்றாக ருசி பார்த்தேன். அவ்வளவு ருசியான பதார்த்தம் இந்த நாட்டில் நான் சாப்பிட்டதில்லை.

"எப்படி இருக்கீங்க, பெர்ட்?"

"வேற டாக்டர் இல்லியா?" என்றார் அவர், தங்கையிடம்.

"இவருதான் கையெழுத்துப் போடணுமாம், பேசாம இரு," என்றாள் அவள் கிசுகிசுப்பாக.

இரண்டு வருஷம் பேசாமல் இருந்த மனுஷரிடம் போய்ச் சொல்கிறாள்.

நான் எழுதினேன். புத்தி தெளிந்தவர் என்று தாங்கள் கருதுவதற்கான ஆதாரம் என்ன என்று படிவத்தில் கேட்டிருந்த இடத்தில், ரொம்ப நேரம் யோசித்து, ஒரு பொய்யும் இல்லாமல் எழுதினேன்: "இந்த ஊரில் மற்ற எல்லாரும் பேசுவதைப் போலவே பேசுகிறார்."

கையெழுத்திட்டுப் பெரிய டாக்டரிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டி, இரண்டு தடவை படித்தார். அதில் இருந்த குத்தலைக் கண்டுபிடித்துவிடுவார் என்று பயந்தேன், கண்டுபிடிக்கட்டும் என்றும் இருந்தது.

"நல்ல கணிப்பு," என்றார், மையை ஒற்றி எடுத்தபடி. "இப்படிச் சுருக்கமாக எழுதப் பையன்களுக்கு வரமாட்டேன் என்கிறது."